தரவுத்தளத்திற் பல சொற்களைத் தேடும் முறை

நூல்நிலையத்தில் ஒரு நூலைத் தேடிக் காணாதவர், அந்நூல் அங்கு இல்லையென்று உடனே துணிந்துவிடுவதில்லை. பட்டியலில் வேறு பெயரால் எழுதப்பட்டிருக்குமோ, வேறு தட்டில் வைக்கப்பட்டிருக்குமோ என்று நூல்நிலையத்தாரை வினவுவர். கணிப்பொறியின் தரவுத்தளத்தைத் தேடுவோரோ பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. 'முடிவுகள் இல்லை' என்னும் இரண்டு சொற்கள் திரையில் தோன்றியவுடனே, அதனையே முடிந்த முடிபாகக் கொண்டு அகன்றுவிடுகின்றனர். 'நீர் வினவிய வடிவில் ஒன்றும் இல்லை' என்பதே அச்சொற்களின் பொருள்; 'நீர் வேண்டிய செய்தி இல்லை' என்பதன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை விளக்குதலும், பல சொற்களை ஒருங்கே இட்டுத் தேடும்போது வினாவை அமைக்கும் முறையைக் கூறுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

இஃது கணிப்பொறியியல் பயில்வார்க்குரிய பொருளன்றோ, தமிழ் பயில்வார்க்கு இதனால் என்ன பயன் என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். வினா என்பது சொற்களால் ஆயது. சொற்களைத் தம்முள் இயைப்பன இடைச்சொற்கள். சொல் உருமாறுவது புணர்ச்சியால். இம்மூன்றும் நம் இலக்கண வகுப்பில் நாள்தோறும் பயில்வன. இவற்றை அறியாத பொறிக்கு இவற்றை அறிவிக்கும் கடமை, பொறியை இயக்குவோர்க்கும் தமிழ் பயில்வோர்க்கும் பொதுவானது.

1. எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர்

விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் காணையும் ஒன்று. அங்கும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் மக்கட்கு உழவும் கறவை மாடுமே பெரிதும் வாழ்வளிப்பன. இவ்வூர்ப் பெயர் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் 'காணை' என்பது ஊரின் பெயர் மட்டுமன்றிக் கால்நடைகட்கு வரும் ஒரு கொடிய நோயின் பெயருமாகும். மாட்டின் வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளங்களை உண்டாக்கி, தீனி தின்னவும் நடக்கவும் இயலாமற் செய்து, பாலைக் குறைக்கும் அந்நோயைக் 'கோமாரி' என்றும், 'காணை' என்றும், 'கால் வாய் நோய்' என்றும் மக்கள் வழங்குவர். அது நச்சுயிரியால் விரைந்து பரவுவது. பிளவுபட்ட குளம்புடைய பசு, எருமை, ஆடு, பன்றி முதலியவற்றைப் பற்றுவது. இந்நோயை ஒழிக்கும் பொருட்டு 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசிய அளவில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி மாடுகட்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை தடுப்பூசி இடுதல் முறை.

இனி, அம்மாவட்டத்தின் அறிவிப்புகளையெல்லாம் மாணவர் சிலர் ஒரு தரவுத்தளத்திலே திரட்டி வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஏழு அறிவிப்புகள் உள்ளன என்க.

அறிவிப்பு 1: காணை ஊரில் கோமாரித் தடுப்பூசி.
அறிவிப்பு 2: காணை ஊரில் குடிநீர்க் குழாய் பழுதுபார்த்தல்.
அறிவிப்பு 3: விக்கிரவாண்டியில் காணை நோய்க்குத் தடுப்பூசி.
அறிவிப்பு 4: திண்டிவனத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி.
அறிவிப்பு 5: காணை ஊரில் காணை நோய்க்குத் தடுப்பூசி, இரண்டாம் சுற்று.
அறிவிப்பு 6: காணை ஊரில் குழந்தைகட்குத் தடுப்பூசி.
அறிவிப்பு 7: செஞ்சியில் கோமாரித் தடுப்பூசி.

காணையில் மாடு வளர்ப்பார் ஒருவர், தம் ஊரில் அந்நோய்க்குத் தடுப்பூசி எந்நாளில் இடுவர் என்று தேடுகின்றார். அவர்க்கு வேண்டியன 1-ஆம் அறிவிப்பும் 5-ஆம் அறிவிப்புமே. இவ்விரண்டும் தவறாமலும், ஏனையவை கலவாமலும் வரும்படி வினாவை எவ்வாறு அமைப்பது?

2. உம்மையும் 'அல்லது' என்பதும்

தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் எல்லா அறிவிப்புகளையும் முதலிலிருந்து படித்துப் பார்ப்பதில்லை. அவ்வாறு செய்யின் காலம் மிகும். நம் பழைய நூற்பதிப்புகளின் இறுதியிலே சொல்லடைவு என ஒன்று இருக்கக் காண்கிறோம். ஒவ்வொரு சொல்லின் எதிரேயும் அது வரும் பக்க எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். தரவுத்தளமும் அத்தகையதோர் அடைவைத் தனக்கென வைத்துக்கொள்ளும். மேற்கூறிய அறிவிப்புகட்கு அடைவு செய்தால், 'காணை' என்பதன் எதிரே 1, 2, 3, 5, 6 என்னும் எண்களும், 'தடுப்பூசி' என்பதன் எதிரே 1, 3, 4, 5, 6, 7 என்னும் எண்களும், 'கோமாரி' என்பதன் எதிரே 1, 7 என்னும் எண்களும் நிற்கும்.

இரண்டு சொற்களை இட்டுத் தேடும்போது, அவ்விரண்டு எண்வரிசைகளையும் என்ன செய்வது என்பதே வினா. இரண்டிலும் பொதுவாக நிற்கும் எண்களை மட்டும் எடுத்தல் ஒருமுறை. 'காணையும் தடுப்பூசியும்' என்று எண்ணும்மை கொடுத்துக் கூறுதல் போன்றது அது. இரண்டனுள் யாதானும் ஒன்றில் நிற்கும் எண்களையெல்லாம் எடுத்தல் மற்றொரு முறை. 'காணை அல்லது தடுப்பூசி' என்பது போன்றது அது. சொல்லியைபின் இவ்விரு முறைகளையும் கணக்கின் விதிகள்போல் வகுத்துக் காட்டியவர், அயர்லாந்திலுள்ள கார்க் நகரத்துக் கல்லூரியிற் கணித ஆசிரியராயிருந்த ஜார்ஜ் பூல் என்பவர். சிந்தனையின் விதிகளைப் பற்றிய அவருடைய நூல் 1854-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று எல்லாத் தரவுத்தளங்களும் அவர் வகுத்த வழியிலேயே நடக்கின்றன.

நம் எடுத்துக்காட்டில், 'காணை அல்லது தடுப்பூசி' என்றால் ஏழு அறிவிப்புகளும் வந்துவிடும், அதனாற் பயனில்லை. 'காணையும் தடுப்பூசியும்' என்றால் 1, 3, 5, 6 என்பன வரும். இது முன்னதினும் நன்றே. ஆயினும் 3 வேறோர் ஊருக்குரியது, 6 குழந்தைகட்குரியது. 'கோமாரியும்' என்று மூன்றாவதொரு சொல்லைச் சேர்த்தாலோ 1 மட்டுமே வரும், 5 மறைந்துபோம். உம்மையாற் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் விடையைக் குறைக்கும் அல்லது முன்போல் நிறுத்தும், ஒருபோதும் கூட்டாது. 'அல்லது' என்பதாற் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் விடையைக் கூட்டும் அல்லது முன்போல் நிறுத்தும், ஒருபோதும் குறைக்காது. இவ்விதியை நினைவிற் கொண்டவர், விடை மிகுந்து வரும்போதும் வாராதபோதும் எங்கே திருத்த வேண்டுமென்பதைத் தாமே அறிந்துகொள்வர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தேடற்பெட்டியிலே 'காணை தடுப்பூசி' என்று இரண்டு சொற்களை இடைவெளி விட்டு எழுதுகின்றோமே, அவற்றிடையே மறைந்து நிற்பது எது? 'பொன்மணி' என்னும் தொகை, பொன்னாலாகிய மணி என்றும், பொன்னொடு சேர்ந்த மணி என்றும், பொன்னும் மணியும் என்றும் பலவாறு விரியுமென்று ஆசிரியர் நமக்குக் கற்பிப்பர். தொகைச்சொற்கள் இரண்டு முதல் ஏழுவரை பொருள்பட விரியுமென்பது நன்னூலார் கருத்து. தேடற்பெட்டியில் இட்ட சொற்களும் ஒருவகைத் தொகையே. சில தரவுத்தளங்கள் அதனை உம்மையாக விரிக்கும். மாங்கோடிபி என்னும் தரவுத்தளத்தின் உரைத்தேடலோ இடைவெளிவிட்ட சொற்களை 'அல்லது' என்பதாக விரிக்கும். ஆதலின் நிரல் எழுதுவோர், தாம் பயன்படுத்தும் தளம் தொகையை எவ்வாறு விரிக்கின்றதென்று முதலில் அறிதல் வேண்டும். அறிந்தபின், மறைந்து நிற்பதை வெளிப்படையாகவே எழுதிவிடுதல் நன்று.

3. குழுவுக்குள் 'அல்லது', குழுக்களிடையே 'உம்'

தேடுவோர் இடும் சொற்களெல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில சொற்கள் ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்கள். சில சொற்கள் வெவ்வேறு பொருள்களின் பெயர்கள். கோமாரி, காணை, கால் வாய் நோய் என்பன ஒரே பொருளைக் குறிப்பன; அவை ஒரு குழு. தடுப்பூசி என்பது வேறொரு குழு. ஊர்ப்பெயர் மற்றொரு குழு. ஒரு குழுவினுள் உள்ள சொற்களை 'அல்லது' என்பதாலும், குழுக்களைத் தம்முள் 'உம்' என்பதாலும் இணைத்தல் வேண்டும். பல சொற்களைத் தேடும் கலையின் சாரம் இவ்வொரு விதியிலேயே அடங்கியுள்ளது.

நம் மாவட்டத்து உழவரின் வழக்கே இதற்குச் சான்று பகரும். நிலக்கடலையை இப்பகுதியில் மல்லாட்டை என்பர். மணிலா என்பாரும் உளர். நூல்களில் வேர்க்கடலை என்றும் எழுதுவர். நிலக்கடலையின் விலையைத் தேடுவோர் இந்நான்கு பெயர்களையும் உம்மையால் இணைப்பாராயின், நான்கும் ஒருங்கே வந்த குறிப்பு ஒன்றும் கிடையாது. 'அல்லது' என்பதால் இணைத்து, அதன்பின் 'விலையும்' என்று கூட்டினால் வேண்டியது வரும்.

ஊர்க்குழுவினுள்ளும் பல பெயர்கள் உண்டு. விழுப்புரம் பகுதி முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993-ஆம் ஆண்டிலே விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019-ஆம் ஆண்டிலே அதனினின்றும் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. ஆகவே காணையைப் பற்றிய 1980-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றைத் தேடுவோர், 'காணையும் விழுப்புரம் மாவட்டமும்' என்று வினவினால் ஏமாற்றமடைவர். 'காணையும், விழுப்புரம் அல்லது தென்னார்க்காடும்' என்று வினவுதலே முறை. வரலாறு அறியாதவன் வினாவும் குறையுடையதாகின்றது.

குழுக்களை அமைக்கும்போது அடைப்புக்குறி இடுதல் இன்றியமையாதது. கணக்கிலே கூட்டலுக்குமுன் பெருக்கலைச் செய்தல் போல, எஸ்.க்யூ.எல். என்னும் வினாமொழி 'அல்லது' என்பதற்குமுன் 'உம்' என்பதைச் செய்யும். 'ஊர் காணையும், தடுப்பூசியும், கோமாரி அல்லது காணை நோய்' என்று குறியின்றி எழுதினால், பொறி முதல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து 1 என்னும் விடையைப் பெறும். அதன்பின் 'காணை நோய்' வரும் 3, 5 என்பவற்றை அதனோடு கூட்டும். விக்கிரவாண்டியின் அறிவிப்பாகிய 3 இவ்வாறு இடையிற் புகுந்துவிடும். இறுதியிலுள்ள இரண்டு நோய்ப்பெயர்களையும் அடைப்புக்குறிக்குள் வைத்தால் இக்குற்றம் நேராது.

4. ஒரு சொல், இரண்டு இடம்

இனி நம் எடுத்துக்காட்டின் கடினமான பகுதிக்கு வருவோம். ஊரும் காணை, நோயும் காணை. 'காணையும் காணையும்' என்று வினவினால் பொறிக்கு அஃது ஒரே சொல்லை இருமுறை கூறியதாகவே தோன்றும். விடையில் மாற்றமொன்றும் இராது. மனிதர் இடம் நோக்கியும், சார்பு நோக்கியும் பலபொருள் ஒருசொல்லின் பொருளைத் தெளிவர். பொறிக்கு அச்சார்பை நாமே கொடுத்தல் வேண்டும். அதற்கென அமைந்தது புலம் என்பது.

ஒவ்வோர் அறிவிப்பையும் ஒரே உரையாக வையாமல், ஊர் என்னும் புலம், நோய் என்னும் புலம், செயல் என்னும் புலம் எனப் பகுத்து வைத்தால், ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனி அடைவு அமையும். அப்பொழுது வினா பின்வருமாறு நிற்கும்:

ஊர் = காணை
உம், செயல் = தடுப்பூசி
உம், (நோய் = காணை அல்லது நோய் = கோமாரி)

ஊர்ப்புலத்தில் காணை என்பது 1, 2, 5, 6. செயற்புலத்தில் தடுப்பூசி என்பது 1, 3, 4, 5, 6, 7. நோய்ப்புலத்தில் காணை அல்லது கோமாரி என்பது 1, 3, 5, 7. இம்மூன்றிலும் பொதுவாக நிற்பன 1, 5. மாடு வளர்ப்பார் வேண்டியவை இவையே. வேற்றுமையுருபு ஏற்ற பெயர் வினையோடு தன் உறவைக் காட்டுதல் போல, புலத்தில் நின்ற சொல் தன் பொருளைக் காட்டி நிற்கின்றது.

5. மேகத் தரவுத்தளத்தின் வரம்புகள்

இந்நாளில் இத்தகைய தொகுப்புகளை நம் அறையிலுள்ள பொறியில் வைப்பது குறைந்துவருகின்றது. தொலைவிலுள்ள பெருநிலையங்களில் இடம் வாடகைக்குப் பெற்று, இணையத்தின் வழியே அணுகுவதையே மேகத் தரவுத்தளம் என்பர். அங்கே ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி வரம்புண்டு; அவ்வரம்பை அறியாமல் வினா எழுதலாகாது.

ஒரு புலத்தினுள் பல சொற்களைப் பட்டியலாக இட்டுவைத்தல் பெருவழக்கு. அப்பட்டியலைத் தேட மாங்கோடிபி இரண்டு கருவிகளைத் தருகின்றது. 'இன்' என்பது, கொடுத்த சொற்களுள் யாதானும் ஒன்று இருந்தாலும் ஏற்கும். 'ஆல்' என்பது, கொடுத்த சொற்கள் யாவும் இருந்தாலன்றி ஏற்காது. முன்னது 'அல்லது', பின்னது முற்றும்மை போன்றது.

கூகுள் நிறுவனத்தின் ஃபயர்ஸ்டோரில் நிலைமை வேறு. அதன் இயல்பான வினாமுறையில், 'அரே-கன்டெயின்ஸ்' என்பது பட்டியலில் ஒரு சொல் உளதா என்று பார்க்கும். 'அரே-கன்டெயின்ஸ்-எனி' என்பது பல சொற்களுள் யாதானும் ஒன்று உளதா என்று பார்க்கும். ஓர் அறிவிப்பு பல சொற்களோடு பொருந்தினாலும் ஒருமுறையே வரும். ஆயின், பட்டியலில் இச்சொல்லும் அச்சொல்லும் ஒருங்கே உளவா என்று கேட்கும் வசதி அம்முறையில் இல்லை. 'அல்லது' எளிது, 'உம்' அரிது என்னும் இந்நிலை, புதிதாக அத்தளத்தைப் பயன்படுத்துவோரைத் திகைக்கச் செய்வது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மேலே நாம் செய்தது போலச் சொற்களை வெவ்வேறு புலங்களிற் பகுத்து வைத்தல். இரண்டாவது, பட்டியலுக்கு மாறாக ஒவ்வொரு சொல்லையும் ஒரு சிறு புலமாக்கி, அதன் எதிரே 'ஆம்' என்று குறித்து வைத்தல்; பின்னர் 'கோமாரி = ஆம், உம், தடுப்பூசி = ஆம்' என்று வினவினால் உம்மை கைகூடும். மூன்றாவது, சொற்களுள் மிக அரிதாக வருவதைக்கொண்டு முதலிற் சில அறிவிப்புகளைப் பெற்று, எஞ்சிய சொற்களை நம் நிரலாலேயே சலித்தெடுத்தல். இம்மூன்றாவது வழியிற் கவனம் வேண்டும். ஏனெனில் அத்தளம் படித்தளித்த ஆவணங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் பெறுவது. பொதுவான சொல்லைக்கொண்டு தொடங்கினால், வேண்டாதவற்றிற்கும் பொருள் கொடுக்க நேரும்.

எண்ணிக்கையிலும் வரம்புண்டு. ஒரு வினாவில் 'அல்லது' என்பதாற் பிரியும் கிளைகள், குழுக்களையெல்லாம் பெருக்கி விரித்த நிலையில், 30-க்கு மேற்படலாகாது. ஊர்க்குழுவில் 3 பெயரும் நோய்க்குழுவில் 4 பெயரும் இருந்தால் 12 கிளைகள், இது செல்லும். ஊர்க்குழுவில் 5 பெயரும் பொருட்குழுவில் 7 பெயரும் இருந்தால் 35, இது செல்லாது. பெயர்கள் பெருகப் பெருக வினா தாங்காது என்பது இதனால் விளங்கும். ஆகவே பெயர்ப் பெருக்கத்தை வினவும்போது சமாளிப்பதினும், அறிவிப்பை இடும்போதே ஒழுங்கு செய்துவிடுதல் சிறந்தது. அறிவிப்பிலே காணை என்றிருப்பினும், கால் வாய் நோய் என்றிருப்பினும், நோய்ப்புலத்தில் 'கோமாரி' என்னும் ஒரே தலைச்சொல்லை எழுதி வைக்கலாம். தேடுவோர் எப்பெயரை இட்டாலும் நிரல் அதனை அத்தலைச்சொல்லாக மாற்றிக்கொண்டு வினவும். மூலத்திலிருந்த சொல்லையும் அழியாமல் வேறொரு புலத்தில் வைத்திருத்தல் வேண்டும். மக்கள் வழக்கு அழிந்துபோகலாகாது.

6. சொல் உருமாறுதல்

குழுவும் புலமும் செவ்வனே அமைந்த பின்னும், தமிழ் வினாக்கள் தோல்வியுறுவதற்கு மற்றொரு காரணமுண்டு. பொறி எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும்; சொல்லைச் சொல்லாக அறியாது.

முதலில் ஒற்று மிகுதலைக் கருதுக. அறிவிப்பில் 'காணைத் தடுப்பூசி' என்றிருந்தால், இடைவெளியை எல்லையாகக் கொண்டு சொற்பிரிக்கும் பொறி, 'காணைத்' என்பதைத் தனிச்சொல்லாக அடைவில் எழுதும். 'காணை' என்று தேடுவோர்க்கு அது கிடையாது. சந்திப்பிழையின்றி எழுதியவரின் அறிவிப்பு மறைந்து, பிழையாக எழுதியவரின் அறிவிப்பு வெளிப்படும்! இதற்கு மருந்து இலக்கணத்திலேயே உளது. தமிழ்ச்சொல்லின் ஈற்றில் வரும் மெய்கள் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்னும் பதினொன்றே. வல்லினமெய் ஒருபோதும் சொல்லுக்கு ஈறாகாது. ஆதலின் ஒரு சொல்லின் இறுதியில் க், ச், த், ப் என்பன நிற்கக் காணின், அது புணர்ச்சியால் வந்ததென்று துணிந்து நீக்கிவிடலாம். 'கிளப்' போன்ற பிறமொழிச் சொற்களை மட்டும் விலக்காகக் கொள்க. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இலக்கண மரபு, இன்று எழுதும் நிரலில் ஒரே வரியாக அமைவது மகிழ்ச்சிக்குரியதன்றோ!

அடுத்து, சாரியையும் வேற்றுமையுருபும். 'காணையில்', 'காணைக்கு', 'காணையின்' என்பவற்றில் 'காணை' என்னும் பகுதி மாறாமல் நிற்கின்றது. சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் இவை யாவும் கிடைக்கும். 'விழுப்புரம்' என்பதோ 'விழுப்புரத்தில்' என்று ஆகும்போது மகரம் கெட்டு அத்துச்சாரியை பெறுகின்றது. ஆகவே 'விழுப்புரம்' என்று முழுமையாகத் தேடினால் 'விழுப்புரத்தில்' அகப்படாது. 'விழுப்புர' என்ற அளவில் நிறுத்தித் தேடல் வேண்டும். 'மாடு' என்பது 'மாட்டுக்கு' என ஒற்றிரட்டும். பொதுவான பகுதியாகிய 'மாட' என்பதைக்கொண்டு தேடினால் மாடமும் மாடியும் கூட வந்து சேரும். எனவே வெறும் எழுத்தளவான ஒப்பீடு எல்லா இடத்தும் போதாது. பகுதியைப் பிரித்தறியும் கருவி வேண்டும். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் 2019-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பு முதல், தமிழ்ச்சொல்லின் ஈற்றுருபுகளை நீக்கி அடிச்சொல் காணும் ஒரு கருவியை உள்ளடக்கியுள்ளது. அத்தகைய கருவிகளைச் செம்மைசெய்யும் பணிக்குப் புணரியல் கற்றோர் தேவை.

மூன்றாவதாக, கண்ணுக்குப் புலனாகாத ஒரு வேறுபாடு. ஒருங்குறி முறையில் 'நோ' என்பதை இருவகையாக எழுதலாம்: நகரத்தின்பின் ஓகாரக்குறியை ஒரே குறியாக இடுதல் ஒன்று, ஏகாரக்குறியையும் துணைக்காலையும் தனித்தனியே இடுதல் மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றேபோல் தோன்றும்; பொறிக்கோ எண்கள் வேறாதலின் இரண்டும் வேறு சொற்கள். 'நோய்', 'கோமாரி' என்னும் இரண்டு சொற்களும் இவ்விடர்ப்பாட்டிற்கு உட்பட்டவை. எல்லா எழுத்தையும் ஒரே வடிவிற் கொணரும் ஒழுங்குமுறை ஒன்றை ஒருங்குறி அமைப்பினரே வகுத்துள்ளனர். அதனை இடும் சொல்லுக்கும் தேடும் சொல்லுக்கும் ஒருசேரப் பயன்படுத்தல் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் செய்து மற்றொன்றை விடுதல், படியின் அளவை மாற்றிவிட்டு நெல்லை அளத்தல் போலாம்.

7. முறைவைப்பு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து, நிரல் எழுதப் புகும் மாணவர்க்கு உதவும்படி வரிசைப்படுத்துவோம். (1) தேடுவோர் இட்ட சொற்களை ஒருங்குறியின் ஒரே வடிவிற் கொணர்க. (2) இறுதியில் மிகுந்த வல்லொற்றை நீக்குக. இயன்ற அளவு உருபுகளையும் நீக்குக. (3) ஒவ்வொரு சொல்லும் எப்புலத்துக்குரியதென்று முடிவு செய்க. ஒரு சொல் இரு புலத்துக்கும் உரியதாயின், பொறி தானே துணியாமல் தேடுவோரையே கேட்பதாகுக. (4) ஒருபொருட் பன்மொழிகளைத் தலைச்சொல்லாக மாற்றுக. அன்றேல் குழுவாக்கி 'அல்லது' என்பதால் இணைக்க. (5) குழுக்களை அடைப்புக்குறியிட்டு 'உம்' என்பதால் இணைக்க. (6) விடை ஒன்றும் வாராவிடில், 'முடிவுகள் இல்லை' என்று கூறி நின்றுவிடாது, சொற்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, எச்சொல்லை விலக்கினால் விடை வருகின்றது என்பதைத் தேடுவோர்க்கு அறிவிக்க.

இவற்றுள் ஆறாவது பலராலும் மறக்கப்படுவது. ஆயினும் அதுவே பெரிதும் வேண்டப்படுவது. நிரல் எழுதுவோர்க்கு ஒரு வினா தவறினால் இழப்பு சிறிது. மற்றொருமுறை எழுதிப் பார்ப்பர். தேடி வந்த மாடு வளர்ப்பார்க்கோ, அறிவிப்பு கண்ணிற் படாமற் போனால் ஒரு சுற்றுத் தடுப்பூசியே தவறிப்போகலாம். அடுத்த சுற்று வர ஆறு திங்கள் ஆகும். அதற்குள் நோய் தொழுவத்தில் நுழையின், அவர் வீட்டுக் கறவையோடு ஊராரின் கறவையும் கெடும். அறிவிப்பு தரவுத்தளத்தில் இருந்தது. தடுப்பூசியும் மருந்தகத்தில் இருந்தது. இடையே நின்று தடுத்தது ஒரு தகரவொற்றாயின், அதனினும் வருந்தத்தக்கது வேறு யாது?

நம் கல்லூரியிலே தமிழ் பயில்வோர் ஒரு கட்டடத்திலும் கணிப்பொறியியல் பயில்வோர் வேறொரு கட்டடத்திலும் அமர்ந்திருக்கின்றனர். ஓர் ஊரின் பெயர்கள், ஒரு நோயின் பெயர்கள், ஒரு பயிரின் பெயர்கள் ஆகியவற்றைத் திரட்டிக் குழுவாக்கித் தருதல் முன்னவர்க்கு எளிது. அவற்றை நிரலாக்குதல் பின்னவர்க்கு எளிது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் வழங்கும் பத்துப் பொருள்களுக்குரிய வேறு பெயர்களை எழுதிக்கொண்டு வந்தாற் போதும். ஓர் ஆண்டிலே நன்றானதொரு சொற்றொகுதி கிடைத்துவிடும். இரு துறையினரும் கூடி இப்பணியை வரும் ஆண்டிலேயே தொடங்கலாமென்பது எம் விண்ணப்பம். காணையைத் தேடுவார் காணையைக் காண்பாராக; செஞ்சியையும் திண்டிவனத்தையும் தேடுவாரும் அவ்வாறே பயன் பெறுவாராக.